ஒன்பது நிமிடத்துக்கு வந்த பாட்டு

புயல் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவன் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துக்கொண்டு, கூப்பிட்டால் மட்டும் நிமிர்ந்து பார்க்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருந்தவே இல்லை. டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தால்தான் பொருந்தும்.

தம்பி கிட்டார் வாசிப்பவன். பாடகனுக்குத் தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் கேட்கும் வேலை. பகலெல்லாம் "புரியுதுங்க மேடம், பாத்துடறோம்ங்க மேடம்" என்று போனில் குழைந்துவிட்டு, சாயங்காலம் மைக்கைப் பிடித்து அடிவயிற்றிலிருந்து உறுமுவான். தாளத்தை மாற்றி மாற்றி முழங்கும் புரோகிரசிவ் மெட்டல் என்ற கனத்த ராக் இசை இவர்களுடையது. இந்த மூவரின் குழு முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது புயலுக்கு இருபத்திரண்டு வயது. அதில் ஒரு பாட்டு மட்டும் பத்தொன்பது நிமிடம். நாற்பத்தொரு இடத்தில் தாளம் மாறும். ஒருமுறை கேட்டால் புரியாது என்று பெருமையடித்துக்கொண்டார்கள். அப்பா முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றார்.

ஒத்திகை அறைக்குக் கீழே ஓர் இஸ்திரிக் கடை. அதை நடத்தியவளுக்கும் ஏறக்குறைய இவர்கள் வயதுதான். ஒரு சனிக்கிழமை அவள் ஒரு வெள்ளைச் சட்டையோடு மாடியேறி வந்தாள். சட்டை முதுகில் இஸ்திரிப்பெட்டி அச்சாகப் பதிந்திருந்தது.

"இது உங்களாலதான்."

"நாங்க என்னங்க பண்ணோம்?" என்றான் தம்பி.

"என் கை உங்க பாட்டோடயே போகுது. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு நீங்க தடுமாறுனீங்க, நானும் நின்னுட்டேன். பெட்டியும் நின்னுடுச்சு."

"தடுமாறலைங்க! ஏழு தட்டுலேர்ந்து பதிமூணு தட்டுக்குத் தாளம் மாறுற இடம் அது. பாட்டோட உயிரே அங்கதான் இருக்கு."

"அப்ப சட்டைக்காரர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை புயல் இஸ்திரிக் கடைக்குப் போய், துணி மூட்டைமேல் உட்கார்ந்து, போனில் அந்தப் பத்தொன்பது நிமிடப் பாட்டை ஓடவிட்டு, இஸ்திரி போடும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழில் கை ஜோராகப் போனது. பதினொன்றிலும் போனது. சிக்கல் தாளத்தில் இல்லை. காரணமே இல்லாமல், மாற்ற முடியும் என்பதற்காகவே மாற்றிய இடங்களில்தான் கை நின்றது. அப்படி இருபத்தொன்பது இடங்கள். துணி சுற்றும் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்றாள்.

தம்பி குதித்தான். "துணி தேய்க்கிறவங்களுக்காகவாக்கா நாம வாசிக்கிறோம்?"

"கேக்கறவங்களுக்காகடா. இப்போதைக்கு அவங்கதான் கேக்கறாங்க."

மூன்று நாள் அவன் அக்காவோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மா வழியாகத்தான் கேட்டான். நான்காம் நாள் கண்ணாடிக் கடைக்கே வந்து, பின்னறை வாசலில் நின்றான்.

"அக்கா, அந்தப் பதிமூணு எனக்கு ஒருநாளும் சரியா வந்ததில்ல. உன்னைப் பாத்துத்தான் சமாளிச்சேன்."

புயல் இயந்திரத்தை நிறுத்தினாள். "நான் உன்னைப் பாத்துத்தான்டா சமாளிச்சேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில், முன்னால் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர் எழுத்துகளைத் தப்பாகப் படித்தார்.

எட்டு மாதம் உழைத்து, பழைய பாட்டுகளைப் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினார்கள். பத்தொன்பது நிமிடம் ஒன்பதாயிற்று. மிச்சமிருந்த பன்னிரண்டு மாற்றங்களும் இப்போது எதிர்பாராத திருப்பங்களாக விழுந்தன. பாடகன்கூட நடுவில் இரண்டு வரி உறுமாமல் பாடினான். அவனுக்கு நல்ல குரல் இருப்பதே அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. இரண்டாவது ஆல்பத்தை மேடையேற்றிய அன்று அறுபது பேர் வந்தார்கள். ஏழு தட்டுத் தாளத்துக்கு அறுபது தலைகளும் ஒன்றாக ஆடின.

முடிந்ததும் நீண்ட முடிக்காரன் ஒருவன் முறைத்துக்கொண்டு வந்தான். "முதல் ஆல்பம்தாங்க ஒரிஜினல். இது எல்லாருக்கும் புரியுது. கெட்டுப்போயிட்டீங்க."

புயல் அவன் கையைப் பிடித்து விடாமல் குலுக்கினாள்.

"அக்கா, அவன் நம்மளத் திட்டறான்" என்று தம்பி காதைக் கடித்தான்.

"தெரியும்டா. அவன் ரெண்டையும் கேட்டிருக்கான்!"