இரண்டாம் முறை போன மின்சாரம்

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். அமுக்கினால் உள்ளே போய் நிற்கும், திருகினால் வெளியே வரும். செராஸில் ஒரு கல்லூரியில் நான் துப்புரவு வேலை பார்த்த காலத்தில் அதைத் தொடும் உரிமை மாணவர்களுக்குக் கிடையாது, எனக்கு இருந்தது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

உரிமையைக் கொடுத்தவர் மின்னியல் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட மேடம். என்னைவிட இருபது வயது இளையவர். அங்கே என் உயரத்துக்கு இரண்டு இரும்பு அலமாரிகள் இருந்தன. ஒன்று வெயிலைப் போலவும் பேட்டரியைப் போலவும் நடிக்கும். மற்றது வெளியிலிருந்து வரும் மின்கம்பியைப் போல நடிக்கும்; சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அதில் மின்சாரம் நின்றுவிடும். உண்மையானது மேசைமேல் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றுதான். கம்பியில் மின்சாரம் நின்றால் உடனே பேட்டரிக்கு மாற்றிவிடுவது அதன் வேலை. "காட்டுக்குள்ள ஒரு கிளினிக்ல இருக்கிறதா அது நம்பிக்கிட்டு இருக்குக்கா. இங்க தப்பு பண்ணட்டும், அங்க பண்ணக்கூடாது" என்பார் மேடம். எப்போது மின்சாரம் போகும் என்று தெரிந்தால் மாணவர்கள் தயாராகிவிடுகிறார்கள் என்றுதான் பொத்தானை என்னிடம் விட்டார். "நீங்க பாட்டுக்குத் துடைங்க. தோணும்போது அமுக்குங்க."

மாணவர்கள் செய்த அப்படிப்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, பகாங் பக்கம் உண்மையான ஒரு கிளினிக்குக்குக் கிளம்ப இருந்த நாள். கீழே லோரி நின்றது. மேடத்தின் கையெழுத்துக்காகப் பேராசிரியர் ஒருவர் சோதனைத் தாளோடு காத்திருந்தார். நான் மேசையைத் துடைத்துக்கொண்டே அமுக்கினேன். கிளினிக்குக்கென்று வைத்த ஐந்து விளக்குகளும் ஒருமுறை சிமிட்டிவிட்டு எரிந்தன. கைதட்டினார்கள். பொத்தானைத் திருகினேன். பெட்டி பேட்டரியை விட்டுக் கம்பிக்குத் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில் மறுபடியும் அமுக்கினேன். எல்லாம் அணைந்தன, தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கான பச்சை விளக்கும்தான்.

"ஆன்டி! ஒரு தடவதானே லா! கை நடுங்குதா?" என்றாள் ஒரு மாணவி.

"கை நல்லாத்தான் இருக்கு. கிள்ளான்ல எங்க வீட்டுல கரண்ட் என்னைக்கு ஒரு தடவையோட நின்னிருக்கு? போவும், வரும், வந்த சூட்டோட திரும்பப் போவும்."

பேராசிரியர் சிரித்தார். "தாள்ல ஒரு தடவைன்னுதான் இருக்கு. அது பாஸ். சைன் பண்ணுங்க மேடம், லோரி நிக்குது."

மேடம் பேனாவை மூடினார். "லோரியத் திருப்பி அனுப்பிடுங்க சார். அக்கா கேக்குறது சரி."

மேடத்தின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. புதுப்பிப்பது அந்தப் பேராசிரியர் கையில் இருந்தது.

பதினோரு நாள் மாணவர்கள் பெட்டியைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்தார்கள். பிறகு நான் இரண்டு தடவை அமுக்கினேன். விளக்குகள் சிமிட்டின, அணையவில்லை.

"போதுமாக்கா?"

"இன்னொரு தடவை பாத்துருவோம்" என்றேன். மூன்றாம் தடவையும் விளக்குகள் அணையவில்லை. அன்றே மேடம் கையெழுத்துப் போட்டார், பெட்டி போனது. மாதக் கடைசியில் மேடமும் போனார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

கை நடுங்குதா என்று கேட்ட மாணவி இப்போது அதே ஆய்வுக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். போன வாரம் என்னைப் பார்க்க வந்தவள், சோதனைத் தாளில் இப்போது மூன்று தடவை என்று அச்சடித்திருக்கிறது என்றாள். மேடம் பெயராவது போட்டிருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். என் பெயர் இல்லாதது எனக்குப் பெரிதில்லை.