அன்று காலை அக்கரை தெரியவில்லை

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம். கண்டியிலிருந்து திகனப் பக்கம் போனால் பெரிய நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் கரையில் இருந்த ஒரு சின்ன அலுவலகத்தில்தான் இது நடந்தது. தண்ணீரில் இறங்கும் சிறிய விமானங்களை ஓட்டும் ஒரு கம்பனி அங்கே புதிதாகத் தளம் திறந்திருந்தது. அதில் 'ஃப்ளைட் டிஸ்பாச்சர்' வேலை ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. என் வாழ்க்கையின் முதல் நேர்முகப் பரீட்சை அது.

விமானம் கிளம்பும் முன் வானிலை, எரிபொருள், ஏற்றுகிற பாரம் எல்லாவற்றையும் பார்த்து 'போகலாம்' என்று கையொப்பம் வைப்பவர்தான் டிஸ்பாச்சர். அவரும் விமானியும் இருவருமே சம்மதித்தால்தான் விமானம் எழும்பும். இதை என் சொந்தக்காரர்களுக்கு விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சித்திக்கு நான் ஏர் ஹோஸ்டஸ். மாமாவுக்கு நான் டிக்கட் கிழிப்பவள். மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு மட்டும் ஓரளவு புரிந்திருந்தது. மாத்தளையிலிருந்து ஒரு வரன் வந்து பதிலுக்குக் காத்திருந்தது. "இந்த ஒரு இண்டர்வியூவுக்குப் போயிட்டு வா. கிடைக்கலன்னா மறுபேச்சு பேசக்கூடாது" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வேலை கிடைக்காவிட்டால் மூச்சே நின்றுவிடும் போல இருந்தது.

ஐப்பசி மாதம். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் இறங்கினால், ஒரே பனிமூட்டம். அலுவலகத்தில் எனக்கு முன்பே ஒரு பெண் வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊரான மடவளையைச் சேர்ந்த முஸ்லிம் பிள்ளை. என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். போட்டிக்கு வந்தவள் என்று தெரிந்தும் எனக்குப் பக்கத்தில் இடம் விட்டு, கொண்டுவந்த பிஸ்கட்டை நீட்டினாள். நாங்கள் இரண்டு பேர்தான் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தோம்.

"எங்கட வாப்பா கட்டுநாயக்க ஏர்போட்டுக்கு எல்லாம் விடமாட்டாரு அக்கா. இது வீட்டுக்குக் கிட்ட ஈக்குறதால மட்டுந்தான் ஓம்பட்டாரு" என்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வேலையை அவளுக்கு விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பாவமாக இருக்கவில்லை.

பரீட்சை எடுக்கும் தலைமை விமானியும் ஒரு மேலாளர் அம்மாவும் கொழும்பிலிருந்து கம்பனியின் விமானத்திலேயே வருவதாக ஏற்பாடு. அன்றிரவே அந்த விமானி வெளிநாடு போகிறாராம். அங்கே இருந்த ஒரே அதிகாரி, நல்ல மனுஷர், சிங்களவர். எங்கள் இருவரையும் "நங்கி, நங்கி" என்று தங்கச்சி முறை வைத்துக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, விமானம் இறங்கும் இடத்தில் மரக்கட்டை ஏதாவது மிதக்கிறதா என்று பார்க்கப் படகில் போய்விட்டார்.

அவர் போன கையோடு மேசையில் இருந்த போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன், எடுத்தேன்.

விமானி பேசினார், ஆங்கிலத்தில். கிளம்பத் தயாராக இருக்கிறோம், அக்கரை தெரிகிறதா என்று கேட்டார். ஜன்னலால் பார்த்தேன். அக்கரையைச் சொல்லவா, இக்கரையில் கட்டியிருந்த படகே பாதிதான் தெரிந்தது. தெரியவில்லை என்றேன். வானிலை அறிக்கையில் தெளிவாக இருக்கிறது என்று போட்டிருக்கிறதே என்றார். பக்கத்தில் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "வரச் சொல்லுங்க அக்கா, அவங்க வாரதுக்குள்ள வெளிச்சிரும்" என்று கெஞ்சினாள். அவர்கள் வராவிட்டால் பரீட்சையே இல்லை என்பது எனக்கும் தெரியும். "இங்க ஒண்ணுமே தெரியலை சேர், வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். யார் பேசுவது என்று கேட்டார். பயத்தில் "ஒபிஸ்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, பளிச்சென்று வெயில் அடித்தது. அக்கரையில் மேய்ந்த மாடுகள்வரை தெரிந்தன. அதற்குள் அவர்கள் வேனில் புறப்பட்டுவிட்டார்களாம். வழியில் கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் ஏதோ லொறி குறுக்கே நின்று, வந்து சேரும்போது பகல் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. வேனை விட்டு இறங்கிய விமானி முதுகைப் பிடித்துக்கொண்டு, "காலையில் போன் எடுத்த புத்திசாலி யார்?" என்று அதிகாரியிடம் கேட்டார். பாவம், அவர் விழித்தார். நான் சுவரோடு சுவராக நின்றுகொண்டேன்.

முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். படித்ததைக் கேட்டார்கள், ஒப்பித்தேன். கடைசியில் அந்த அம்மா, "உங்களைப் பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்றார். நம் வீடுகளில் தன்னைப் பற்றித் தானே பேசினால் "வாய் நீளுது" என்று சொல்லித்தானே பெண் பிள்ளைகளை வளர்க்கிறார்கள்? அதோடு காலை விஷயம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் வேறு. ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து அவள் உள்ளே போனாள். வெளியே வந்தபோது என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. "உங்கள திரும்ப வரட்டாம் அக்கா. போன் எடுத்தது நீங்கண்டு நான் செல்லிட்டேன்" என்றாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காலையிலிருந்து அக்கா அக்கா என்று கூடவே இருந்துவிட்டு இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாளே! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். மாத்தளை மாப்பிள்ளையின் முகம்கூட ஒருமுறை கண்ணுக்கு முன் வந்து போனது.

விமானி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பனி உடனே கலைந்துவிட்டதாமே, எங்களைப் பாதி நாள் வேனில் உட்காரவைத்தீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்றார். இனி இழக்க என்ன இருக்கிறது என்ற நிலைமை எனக்கு. "நீங்க கேட்ட நேரம் அக்கரை தெரியலை சேர். நாளைக்குக் கேட்டாலும் தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லுவேன்" என்றேன்.

அவர் சிரித்தார். அந்த அம்மா சொன்னார்: "உங்களிடம் கேட்ட அதே கடைசிக் கேள்வியை அந்தப் பிள்ளையிடமும் கேட்டோம். அவள் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 'நாங்க ரெண்டு பேரும் ஒரே ஜன்னலாலதான் பார்த்தோம். போன் என் கையில் இருந்திருந்தால் வாங்க என்று சொல்லியிருப்பேன். வேண்டாம் என்றது அவங்கதான். கேட்டாலும் அதை உங்களிடம் சொல்லமாட்டாங்க, அதுதான் நான் சொல்றேன்' என்றாள்."

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று அவர் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. தலையாட்டிவிட்டு வெளியே ஓடினேன். கதிரை வெறுமையாக இருந்தது. "நங்கி இப்பதான் மடவளை பஸ்ல போனது" என்றார் அதிகாரி. ரோட்டு வரைக்கும் ஓடிப் பார்த்தேன், பஸ் போய்விட்டது. அங்கேயே நின்று அழுதேன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அந்த மனுஷர் எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்.

அதன்பிறகு அவளை நான் காணவேயில்லை. வேறு வேலைக்குப் போனாளா, வாப்பா விட்டாரா, எதுவும் தெரியாது. எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் அம்மாவோடு சண்டை போட்டாவது கட்டுநாயக்கவில் இன்னொன்று தேடியிருக்கலாம். அவளுக்கு இருந்தது அந்த ஒன்று மட்டும்தான். வானிலை பார்த்து 'வேண்டாம்' என்று சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள், இத்தனை வருடத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஆனால் அன்று அவள் உட்கார்ந்திருந்த கதிரையில் நான் இருந்து, போனில் 'வேண்டாம்' என்றது அவள்தான் என்று எடுத்துச் சொல்ல வேண்டி வந்திருந்தால், சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.