கூப்பிட்டால் வரும் தெரு

என் மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வாரமாகப் போனில் அறை தேடுகிறாள். கடை, கோயில், பஸ் நிற்கும் இடம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டுமாம். தெருவில் நாலு பேர் முகம் பார்த்துப் பேச வேண்டுமாம். "கொழும்புக்குள்ளேயே ஒரு சின்ன ஊர் வேணும்ப்பா" என்கிறாள். நான் சும்மா தலையை ஆட்டினேன். அப்படி ஓர் இடம் தேடி என் அம்மா நடந்த நடைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தோம். அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு மொத்தக் கடையின் லாரியில் உதவியாளாகச் சேர்ந்திருந்தார். லாரி ஏறினால் மூன்று நாள், நாலு நாள் திரும்ப மாட்டார். மாதம் ஒருமுறை எங்களைப் பார்க்க வருவார். "ரெண்டு எடத்துல அடுப்பெரிய வேணாம் புள்ள, நீயும் வந்திரு" என்று வரும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்வார்.

சொல்வது சுலபம். லயத்துக் காம்பரா, நாங்கள் இருந்த அந்த ஒற்றை அறை, தோட்டத்துக்குச் சொந்தம். அதில் குடியிருக்க வேண்டுமென்றால் வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்து வேலைப் பதிவில் இருக்க வேண்டும். அப்பாவின் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியது கொழுந்து பறிக்கும் அம்மாவின் பெயர்தான். அதையும் வெட்டிவிட்டால் மறு வாரமே அந்தக் காம்பராவில் வேறு குடும்பம் அடுப்பு மூட்டும். பிறகு திரும்பி வர இடம் கிடையாது. அதனால் வீட்டைத் தன் கண்ணால் பார்க்காமல் பெயரை வெட்ட மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

தலவாக்கலையில் ரயில் ஏறிப் போனோம். அன்றிரவு அப்பாவின் கூட்டாளி வீட்டில் தங்கி, விடிந்ததும் ஒரு தரகரோடு கிளம்பினோம். தரகர் குடை பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அம்மா ஏற்றத்தில் நடப்பது போலவே முன்னால் குனிந்து, சமதரையில் வேகமாக நடந்தாள். அப்பாவும் நானும் பின்னால் ஓடினோம்.

முதல் வீட்டில் குழாய் உள்ளேயே இருந்தது. சுற்றிலும் ஆள் உயர மதில். எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா குழாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்று தரகரிடம் கேட்டாள்:

"இங்கேருந்து கூப்பிட்டா யாரு வருவாங்க?"

"எதுக்கு அக்கா கூப்பிடணும்?"

"சும்மா, கூப்பிட்டா."

"இங்க ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் தலையிட மாட்டாங்க. நல்ல அமைதியான எடம்."

அம்மா வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது வீடு பெரிய ரோட்டின் மேலேயே இருந்தது. அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டாள். "பஸ் சத்தத்துல நீங்க கூப்பிடுறது உங்களுக்கே கேக்காது" என்றார் தரகர். அப்பாவுக்குக் கோபம் வந்தது. "இவ வீடு பாக்க வந்தாளா, பெரட்டு வைக்க வந்தாளா?" என்று என்னிடம் முணுமுணுத்தார். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதுதான் பெரட்டு.

மூன்றாவது இடம் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சந்து. நுழையும் இடத்தில் ரொட்டி சுடும் பாண் போறணை, அடுத்தது சலூன், அதற்கடுத்து தையல் கடை. கோயில் மணியும் மாதா கோயில் மணியும் அங்கிருந்தே கேட்கும். பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிட நடை. வீடுகள் எங்கள் லயம் போலவே சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. அறையின் சாவி வாங்க அப்பாவும் தரகரும் சந்தின் கோடிக்குப் போனார்கள். அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

அப்போது பக்கத்து வீட்டுக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கதவு திறந்தே கிடந்தது.

எங்கள் லயத்தில் பிள்ளை அழுதால் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தூக்குவார்கள். தாய் எங்கே என்று பிறகுதான் கேட்பார்கள். கதவைத் தட்டுகிற பழக்கமும் எங்களிடம் இல்லை. "அக்கோவ்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடுப்படி வரை போய்விடுவோம். அம்மாவும் அதைத்தான் செய்தாள். குரல் கொடுத்தாள், உள்ளே போனாள், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே காற்றுக்காக வாசலுக்கு வந்தாள்.

பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்த தாய் ஈரத் தலையோடு ஓடி வந்தாள்.

"ஐயோ! புள்ளையத் தூக்கிட்டுப் போறாளே! கள்ளி! கள்ளி!"

அந்தச் சந்தில் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. போறணையிலிருந்து மாவுக் கையோடு இரண்டு பேர் வந்தார்கள். சலூனிலிருந்து பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர் வந்தார். சிங்களக் கிழவர் ஒருவர் என்ன, என்ன என்று தன் மொழியில் "மொகத, மொகத" எனக் கேட்டபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மாடியிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். யாரோ குழந்தையைப் பிடுங்கினார்கள், யாரோ அம்மாவைத் தள்ளினார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதேன்.

அம்மா முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் முந்தானையை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"மடியில என்னமோ ஒளிக்கிறா பாரு!"

"கையை எடுக்கச் சொல்லு!"

"புள்ள அழுதுச்சுங்க, தூக்குனேங்க" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

குழந்தையின் தாய் முன்னால் வந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றாள். தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டாள். அம்மா தலையசைத்தாள். அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "போங்க, போங்க, எல்லாம் தள்ளி நில்லுங்க" என்று இன்னும் பலமாகக் கத்தினாள். நுரைக்காரர் மட்டும் "பொலிஸைக் கூப்பிடவா?" என்று கேட்டார். "நீங்க போய் மத்தப் பக்கத்தையும் வழிச்சிட்டு வாங்க அண்ணன்" என்றாள். சிரிப்பு எழுந்தது. அவள் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அம்மாவை உட்கார வைத்தாள். தேசிக்காய் பிழிந்து, சீனி கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள்.

அப்பா சாவியோடு ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துப்போனது. "எந்திரி புள்ள, போவோம். கள்ளின்னு சொன்ன எடத்துல குடியிருக்கவா?"

அம்மா கடைசி மடக்கு வரை குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு சத்தத்துக்கு எத்தனை பேரு வந்தாங்க பாத்தீங்களா? நம்ம லயத்துலகூட இவ்வளவு சுருக்கா வரமாட்டாங்க. இதையே பேசி முடிச்சிருங்க."

அடுத்த வாரம் தோட்டத்துக்குப் போய் அவளே தன் பெயரை வெட்டச் சொன்னாள்.

எனக்கோ அவமானமாக இருந்தது. அந்தப் பெண் நீட்டிய பாண் துண்டை அன்று நான் வாங்கவில்லை. திட்டியவர்களிடமே அம்மா போய்ச் சேர்ந்துகொண்டாள் என்று பல நாள் மனதுக்குள் கோபமாக இருந்தேன். அழுதவன் நான், என்னை நிற்க வைத்துவிட்டு அம்மாவுக்கு மட்டும் ஏன் நாற்காலி போட்டார்கள் என்பதும் விளங்கவில்லை. ஐந்து மாதம் கழித்து என் தங்கை பிறந்தாள். அன்று அப்பா லாரியோடு திருகோணமலையில் இருந்தார்.