பாதியில் நின்ற வாக்கியம்

ஜப்பான்காரன் கொண்டுவந்த டோக்கியோ மணிக்கு ஏழு. எங்கள் பழைய மணிக்கு ஐந்தரை. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி அப்போதுதான் எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தது. நீலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே பள்ளி வாத்தியார். காலையில் பேர் கொடுத்தால்தான் அரிசி என்பதால், என் பதினேழு வயது மகன் காய்ச்சலோடு போய் வரிசையில் நின்றிருந்தான்.

எங்கள் வீட்டுப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி எழுதிக்கொண்டிருந்தார். கிறிஸ்தவர். யுத்தத்துக்கு முன்பே இரண்டு புத்தகம் போட்டவர். இப்போது ஏசுவின் பின்னால் போன மீனவர்களின் கதை. ஜப்பான்காரன் ஊர் நேரத்தையே மாற்றியும் அவர் மேசைக் கடிகாரம் மாறவில்லை. கேட்டால், “விடியறது பழைய நேரத்துலதான் லா விடியுது, வாத்தியாரே” என்பார்.

எழுந்ததும் முழங்காலில் ஜெபம். பிறகு ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வார், மாற்றுவார், மறுபடி சொல்வார். மனம் ஒப்பிய பிறகே பால் டின்னிலிருந்து உரித்த காகிதத்தின் பின்புறம் எழுதுவார். வேறு காகிதம் ஏது? எடுத்த வாக்கியத்தை முடிக்காமல் எழவே மாட்டார். கூரை ஒழுகித் தோளில் கொட்டினாலும் அப்படித்தான். மரவள்ளி தின்று உயிர் வளர்த்த நாளில், ஒரு சொல்லுக்காக இப்படிக் காத்திருக்க ஒரு மனிதரால் முடிகிறதே என்று, திருநீறு பூசிய நான் தினமும் படுத்தபடி கேட்டு வியப்பேன்.

அன்று, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஓடிவந்து கத்தினார். “வாத்தியாரே, உங்க பையனை ஏத்திட்டாங்க! சிரம்பானுக்குக் கொண்டு போறாங்க!”

சுவருக்கு அப்பால் வாக்கியம் பாதியில் நின்றது.

வெளியே வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஐயா, உங்களுக்கு அவனுங்க பேச்சு தெரியும். பதினாலு வயசுன்னு சொல்லுங்க.”

“பொய் என் வாயில வராதுங்க.”

“அப்ப என் பிள்ளை சாகட்டுமா?”

அவர் டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளை எடுத்தார். நானும் கிளம்பினேன். “நீங்க வந்தா உங்களையும் ஏத்திடுவான். இருங்க” என்று தடுத்துவிட்டுப் போனார்.

அவர் அறை திறந்தே கிடந்தது. மேசைமேல் மை காய்ந்திருந்தது: ‘வலையை அப்படியே போட்டுவிட்டு அவன்’. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே அவருடைய உண்மையைச் சபித்தேன். முருகனை அழைத்தேன். கடைசியில் அவருடைய ஆண்டவரையும் அழைத்தேன்.

வெயில் சாய்ந்தபோது அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் சாக்கு போர்த்தி உட்கார்ந்திருந்தான் மகன். அவர் கன்னம் வீங்கியிருந்தது.

“பதினேழு வயசுன்னுதான் சொன்னாருப்பா” என்றான் மகன். “காய்ச்சல், நீங்களே தொட்டுப் பாருங்கன்னாரு. ஜப்பான்காரன் அறைஞ்சான். மறுபடி அதையே சொன்னாரு. இன்னொரு அறை. அப்பவும் அதையே சொன்னாரு. அப்புறந்தான் தொட்டுப் பார்த்து, காய்ச்சல்காரன் வேணாம்னு இறக்கிவிட்டான்.”

நான் அவரைக் கும்பிடக் கை எடுத்தேன்.

“பிள்ளையைப் பிடிங்க, வாத்தியாரே,” என்றார் அவர். “எனக்கு ஒரு வாக்கியம் பாதியில நிக்குது.”