ஒரு வண்டிக்கு ஒரு பெர்மிட்

மாலை நாலரை மணிக்கு நான் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் எல்லாம் கெடத் தொடங்கியது. போன வருடம், ஐப்பசியில்.

சேலத்தில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு சிறிய கடையில் மகனுக்கு வேலை. வாங்கியவர்களின் ஆபீசுக்குத் தனியாகப் போய், கணக்கு புரோகிராமை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவான். வீட்டில் பழகத் தனக்கும் ஒன்று வேண்டுமென்று, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு பாகமாக வாங்கி, தானே பூட்டி முடித்திருந்தான். என் கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். சேசிஸ் வாங்கி பாடி கட்டுவது போலத்தானே இதுவும் என்று அவருக்கு ஒரே பெருமை. புது வண்டிக்குப் போடுவது போல இதற்கும் பூஜை என்றார். மகனுடைய முதலாளியை அவரே போய் அழைத்து வந்தார்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூச்சரம் சுற்றினேன். ஓடாத வண்டிக்கு யார் ஆரத்தி எடுப்பார்கள், போட்டுக் காட்டு என்றார் கணவர். இன்னொரு நாள் போடலாம் என்று மகன் மழுப்பினான்.

"போடு சாமி. உன்ற வண்டி எப்படி ஓடுதுன்னு நானும் பாக்கறேன்" என்று முதலாளி சிரித்தார்.

போட்டதும் கணக்கு புரோகிராம் திறந்தது. மேலே, உரிமம் பெற்றவர் என்ற இடத்தில், ஆட்டையாம்பட்டிப் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றின் பெயர். அந்த ஆலைக்கு அதை விற்றது முதலாளியின் கடைதான். ஏற்றிக் கொடுக்கப் போன மகன் பிளாப்பியில் தனக்கும் ஒரு நகல் எடுத்து வந்திருக்கிறான். முதலாளி இலையில் வைத்த பொங்கலில் ஒரு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

மறுநாள் மகனைக் கடைக்கு வர வேண்டாம் என்றார்கள். கணவர் போய் வாதாடினார். நகல் எடுத்ததால் ஆலையில் என்ன குறைந்துவிட்டது, பெட்டியின் ஒவ்வொரு திருகும் எங்கள் பையன் காசு என்றாராம். புரோகிராமை ஒரு பெட்டியில் மட்டும் ஓட்டத்தான் உரிமை, அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான், புரோகிராம் கம்பெனிக்குத் தெரிந்தால் கடைக்கே விற்கும் உரிமை போய்விடும் என்று முதலாளி விளக்கியிருக்கிறார். கணவருக்கு அதெல்லாம் ஏறவில்லை. கடைசியில் முதலாளி கேட்டாராம்:

"வண்டி உங்களுதுதானுங்க. ஒரு பெர்மிட்டுல ரெண்டு வண்டி ஓட்டுவீங்களா?"

லாரிக்காரர்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கணவர் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மகன் அந்த நகலை அழித்தான். ஆலைக்குப் போய் உண்மையைச் சொன்னான். அவர்கள் சிரித்து அனுப்பிவிட்டார்கள். திரும்பச் சேர்த்துக்கொள்ளக் கேட்டதற்கு முதலாளி மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். சேலத்தில் இந்த மாதிரிக் கடைகள் எத்தனை இருக்கின்றன? பழைய கடையிலிருந்து ஏன் நின்றாய் என்று கேட்டால் எதைச் சொல்வான்? பூச்சரம் பெட்டியிலேயே காய்ந்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் முதலாளியோ என்று சோற்றில் வைத்த கையோடு அவன் வாசலுக்குப் போவான். கோபம் ஆறினால் கூப்பிடுவார், பிள்ளை மாதிரி வைத்திருந்தவர்தானே என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கே அது பாதிதான் நம்பிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. மகனின் தோளில் கை வைத்தார்.

"என்னயக் கேட்டிருந்தா நானே ஒண்ணு வாங்கிக் குடுத்திருப்பேன் சாமி. இனி உன்னயத் தனியா ஒரு ஆபீசுக்குள்ள அனுப்ப எனக்கு மனசு வரல. வேற எடம் பாத்துக்க."