குளச்சலிலிருந்து பேச்சிப்பாறை: தேங்காய் எண்ணெய் பூசிய சக்கரங்கள்

வெள்ளிக்கிழமை, காலை 6.40. குளச்சல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தை நான் வயிற்றெரிச்சலோடுதான் தொடங்கினேன். வாசகர்கள் வேறு காரணம் தேடி அலைய வேண்டாம்.

ஜெரால்டு என்னோடு ஒன்பதாம் வகுப்பிலிருந்து படித்தவன். குளச்சலில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த குடும்பம். பதினெட்டு வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, பழைய பெரிய வேன் ஒன்றை வாங்கி அதை வீடாக மாற்றிவிட்டான். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், மடக்கு மேஜை, ஒற்றை அடுப்பு, கையகலத் தொட்டி, கூரையில் சூரியத் தகடு. மனைவி இன்னும் மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறார், டிசம்பரில் வருவார். அதுவரை வண்டிதான் அவனுக்குக் குடும்பம்.

இதில் என் வயிறு எரிய என்ன இருக்கிறது? இருக்கிறது. பத்து வருடமாக இப்படி ஒரு வண்டியை நோட்டில் வரைந்துகொண்டிருந்தவன் நான். நாகர்கோவிலில் பிரேக் சாமான் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் பில் புத்தகத்தின் பின்பக்கம்கூட வரைவேன். போன வருடம் அந்த நோட்டை ஜெரால்டுக்குக் காட்டினேன். இன்று காலை கதவைத் திறந்து உள்ளே பார்த்தால், மேஜை என் மேஜை, கட்டிலுக்கு அடியில் இழுப்பறை என் இழுப்பறை. ஜன்னல் மட்டும் நான் வரைந்ததைவிடப் பெரிது.

"எப்படிலே இருக்கு?" என்றான்.

"கொள்ளாம்," என்றேன். எங்கள் ஊரில் 'பரவாயில்லை' என்பதற்கான சொல்.

என் மனைவி செண்பகம் ஏறி உட்கார்ந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். "தம்பி, எங்க வீட்டுக் கட்டிலவிட மெத்துன்னு இருக்கு," என்றாள். ஜெரால்டைவிட நான் நான்கு மாதம் மூத்தவன். அதனால் அவன் அவளுக்குத் தம்பி, அவள் அவனுக்கு மைனி, அதாவது அண்ணி.

கிளம்பும் முன் ஜெரால்டு ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் பழைய பனியன் துணியும் எடுத்து வந்தான். குனிந்து சக்கரத்தின் ஓட்டைகள் வழியாகத் துணியை விட்டு, உள்ளே தெரியும் பிரேக் டிஸ்க்கைத் துடைத்தான். வெறும் தூசு துடைப்பு இல்லை. எண்ணெய் பூசினான். நான்கு சக்கரத்திலும்.

"உப்புக் காத்துலே. ராத்திரி நிறுத்தினா காலையில துரு செம்பட்டையா நிக்கும். எங்க அப்பா வள்ளத்துக்க எஞ்சினுக்கும் இப்படித்தான் தடவுவாரு. வாரத்துக்கு ரெண்டு மட்டம் தடவிருவேன், கேட்டியா."

இருபத்திரண்டு வருடமாக கௌண்டருக்குப் பின்னால் நின்று ஆயிரம் பேருக்குச் சொன்ன விஷயம் இது. டிஸ்க்கில் ராத்திரியில் படியும் மேல்துரு முதல் நாலு மிதியில், டிஸ்க்கைக் கவ்வும் பேட் உரசித் தானாகப் போய்விடும். அதற்குப் பயந்து எண்ணெய் தடவினால் அந்த எண்ணெய் பேடுக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த பேட் பிடிக்காது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போது பார்த்து செண்பகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பாருங்க, என்ன கவனமா வச்சிருக்காரு! நம்ம ஸ்கூட்டர எப்ப தொடைச்சீங்க?"

வாயை மூடிக்கொண்டேன். பத்து மிதியில் எரிந்துபோகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உள்ளே ஓடியது. எங்கேயாவது நாலு பேர் முன்னால் இந்த வண்டி கீச்சென்று கத்தட்டும், இவன் மானம் கொஞ்சம் போகட்டும், அப்போது நான் சொல்லிக்கொள்கிறேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை என்பதுதான் என் லட்சணம்.

காலை 7.35. தக்கலை.

திங்கள்நகர் வழியாகப் பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். டீக்கடை முன்னால் நிறுத்தினான். புட்டும் பயறும் பப்படமும் நாற்பத்தைந்து ரூபாய், டீ பன்னிரண்டு. சாப்பாட்டைப் பற்றி எழுத நிறைய இருந்தது, ஆனால் எனக்கு ருசிக்கவில்லை.

வண்டியைச் சுற்றிக் கூட்டம். கதவைத் திறந்து காட்டச் சொல்லி ஒருவர், கூரையில் ஏறிப் பார்க்கலாமா என்று ஒருவர். ஜெரால்டு நடுவில் நின்று கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தான். அதைக் கேட்கப் பிடிக்காமல் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். வெற்றிலை வாங்க வந்த பெரியவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வண்டிக்கு டிரைவராக்கும்?"

"ஆமா," என்றேன். பின்னே என்ன சொல்ல?

காலை 9.50. பேச்சிப்பாறை.

தக்கலையிலிருந்து குலசேகரம் பதினைந்து கிலோமீட்டர், அங்கிருந்து அணை பத்து. குலசேகரம் தாண்டினால் இருபுறமும் ரப்பர். மரத்துக்கு மரம் பால் பிடிக்கச் சிரட்டை கட்டியிருக்கிறது, வீடுகளின் கொடியில் துணியோடு துணியாக ரப்பர் ஷீட்டும் காய்கிறது. அந்த வாடை புதிதாக வருகிறவர்களுக்கு மூக்கைச் சுளிக்க வைக்கும். செண்பகம் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பெரிய ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் ஒரு ராணி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படிப் படுத்துப் பயணம் செய்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் அளவில் ஜெரால்டு செய்ததுதான் சரி.

அணையில் தண்ணீர் நிறைய இருந்தது. இரண்டு மணி நேரம் சுற்றினோம். பிறகு கோதையாறு போகும் சாலையில் ஆறு கிலோமீட்டர் ஏறி, ஜெரால்டுக்குத் தெரிந்தவரின் ரப்பர் தோட்டத்தில் நிறுத்தினோம். மடக்கு மேஜையில், அதாவது என் மேஜையில், சாளைமீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் சாப்பிட்டோம். மூன்று பேர் முழங்கையும் இடிக்கவில்லை. நான் போட்ட அளவு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மத்தியானம் 1.50. இறக்கம்.

கிளம்பும்போது ஜெரால்டு சாவியை என் மடியில் போட்டான். "நீ ஓட்டுலே. உனக்கு ஆசை இருக்குல்லா, எனக்குத் தெரியும்."

அந்த நிமிடமாவது சொல்லியிருக்கலாம். 'வேண்டாம், முதலில் டிஸ்க்கைத் துடைப்போம்' என்று ஒரு வரி போதும். ஆனால் சாவி கையில் இருந்தது. பத்து வருடம் நோட்டில் ஓட்டிய வண்டி. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

முதல் கிலோமீட்டர் சொர்க்கம். இரண்டாவது கிலோமீட்டரில் பெடலை முன்பைவிடக் கொஞ்சம் ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. பின்னாலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

"இஞ்சேருங்க, எங்கயோ ஏத்தங்காய் சிப்ஸ் வறுக்காங்க. நிறுத்துனா சூடா வாங்கலாம்."

"ஆமா மைனி, நல்ல மணம்," என்றான் ஜெரால்டு.

அந்தச் சாலையில் கடையும் இல்லை, வீடும் இல்லை. தேங்காய் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது எங்கள் நான்கு சக்கரத்தில்.

வளைவுக்கு அப்பால் அன்னாசிப் பழம் ஏற்றிய ஜீப் ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு இறக்கினேன். எஞ்சின் அலறியது. அலமாரியிலிருந்து பாத்திரங்கள் விழுந்தன, செண்பகம் "ஐயோ" என்றாள். முதல் கியர். கை பிரேக்கைப் பல்லுப் பல்லாக இழுத்தேன். இடது பக்கம் செம்மண் திட்டு. அதில் வண்டியின் விலாவைச் சாய்த்து உரசவிட்டேன். கிறீச்சென்று தகடு கிழியும் சத்தத்தோடு நின்றது. ஜீப் எதையும் அறியாமல் வளைவில் மறைந்தது.

சக்கரங்களிலிருந்து நீலப் புகை. ஜெரால்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஊத்தாதலே!" என்று கத்தினேன். "சூட்டுல ஊத்துனா டிஸ்க் கோணிரும், வெடிக்கவும் செய்யும். ஆறட்டும்."

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

ரப்பர் பால் எடுக்க வந்த ஒரு பெண் வாளியோடு நின்று மூக்கை உறிஞ்சினார். "இதென்ன மணம்? வண்டிக்குள்ள சிப்ஸ் கடையா வச்சிருக்கிய?"

மாலை 4.10. அதே இடம்.

சிக்னல் கிடைக்கும் இடம்வரை நடந்து குலசேகரம் ஷிபுவுக்குப் போன் செய்தேன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், என் கடையில் பேட் வாங்குகிறவன். வண்டி மாடலைச் சொன்னேன். பேடும் பிரேக் ஆயிலும் எடுத்துக்கொண்டு பைக்கில் வருகிறேன் என்றான்.

காத்திருந்த நேரத்தில் ஜெரால்டு கிழிந்த தகட்டைத் தடவிக்கொண்டு தனியாக நின்றான். நானும் செண்பகமும் ஒரு கல்லில் உட்கார்ந்தோம்.

"பாவம்," என்றாள். "காலையில டீக்கடையில எவ்வளவு பெருமையா சொன்னாரு. உள்ள உள்ள வேலை பூரா என் கூட்டாளி தாணு போட்ட பிளானு, நான் பைசா மட்டும்தான் போட்டேன்னு. உங்களக் கைகாட்டுனாரு. நீங்கதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நின்னுட்டீங்க."

புகை அடங்கிய சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷிபு வந்ததும் வேலையில் இறங்கினான். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பக்கமாக ஜாக்கி போட்டுத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கின் முகத்தில் மயில் கழுத்து மாதிரி நீலத் திட்டுகள், சூடு ஏறியதன் அடையாளம். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தான். விரிசல் இல்லை, பள்ளமும் இல்லை. டிஸ்க் பிழைத்தது. பேடைக் கழற்றி என் கையில் தந்தான். முக்கால் பங்கு கனம் அப்படியே இருந்தது. ஆனால் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஓரமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. கனம் இருக்கிறதே என்று மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுகிற இடம் இது. பின் இடது சக்கரத்தில் இன்னொரு கோளாறு. பேடை அழுத்துகிற காலிப்பர் முன்னும் பின்னும் நகர இரண்டு ஆணி உண்டு. அதில் ஒன்று உப்புக் காற்றில் இறுகி நகராமல் நின்றது. எண்ணெய் போட வேண்டாத இடத்தில் போட்டு, கிரீஸ் போட வேண்டிய இடத்தைக் காயவிட்டிருந்தான் ஜெரால்டு.

"டிஸ்க்குல தேங்காயெண்ணெ! இது ஆருக்க வேலையாக்கும்?" என்றான் ஷிபு.

"எனக்க வேலைதான்," என்றான் ஜெரால்டு. தலை தாழ்ந்திருந்தது. காலையிலிருந்து நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி இதுதான். நாலு பேர் முன்னால் அவன் மானம் போகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஷிபு என் பக்கம் திரும்பினான். "அண்ணன் கூட இருந்துமா?"

"அவன் பாக்கலடே," என்றான் ஜெரால்டு சட்டென்று. "பாத்திருந்தா சொல்லியிருப்பான். பிரேக்குன்னா அவன் உயிரு. அவன் ஓட்டுனதாலதான் இப்ப நிக்கோம். நான் ஓட்டியிருந்தா அந்த ஜீப்புக்கடியில கிடப்போம்."

சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"பாத்தேன்," என்றேன்.

"என்னத்த?"

"நீ எண்ணெ போட்டத. காலையில, கிளம்பறதுக்கு முன்னாடியே."

ஷிபு குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினான். செண்பகம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"மைனியும் உள்ள இருந்தாவளேலே," என்றான் ஜெரால்டு.

வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொறாமை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன்.

மாலை 6.05.

ஷிபு நான்கு டிஸ்க்கையும் கிளீனர் அடித்துத் துடைத்து, எட்டுப் பேடும் மாற்றி, காலிப்பர் ஆணிகளை உருவித் தேய்த்து அதற்குரிய கிரீஸ் போட்டு, கறுத்துப்போன பழைய பிரேக் ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினான். பெடலை நான் மிதிக்க மிதிக்க அவன் கீழே காற்றை எடுத்தான். பிறகு அவனே கொஞ்ச தூரம் ஓட்டி, வேகம் எடுப்பதும் மெதுவாக மிதிப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை செய்து புதுப் பேடைப் பழக்கினான்.

நாகர்கோவில் வரை ஜெரால்டு ஓட்டினான். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி நின்றது. வடசேரியில் இறங்கும்போது, "மைனி, படி பாத்து," என்றான். எனக்கு அதுகூட இல்லை. வீட்டுக்கு வந்து செண்பகம் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த மெத்தை அந்த வண்டியில் இருந்ததைவிட உண்மையிலேயே கெட்டிதான்.

பதினாறு நாள் கழித்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனில் ஒரு படம் வந்தது. கழுவி நிறுத்திய வண்டி. கிழிந்த தகட்டுக்குப் புதுப் பெயிண்ட். சக்கரத்தின் ஓட்டைக்குள் டிஸ்க்கில் செம்பட்டைத் துரு. கூடவே ஜெரால்டின் குரல்: "எண்ணெ போடல. துரு நிக்கு. இப்படி இருக்கலாமாலே? வந்து பாரு. பாத்தா வாயத் திறந்து சொல்லணும்."

படத்தைச் செண்பகத்திடம் காட்டினேன். "போயிட்டு வாங்க," என்றாள். அவள் என்னிடம் முழுசாகப் பேசத் தொடங்கியே ஒரு வாரம்தான் ஆகிறது.

வடசேரியிலிருந்து குளச்சலுக்கு பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த வண்டியின் ஜன்னலில் பாதிகூட இல்லை என்று உட்கார்ந்ததுமே அளந்துவிட்டேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அது அப்படியேதான் இருக்கிறது. அதோடு பையில் டார்ச்சும் ஜாக்கியும் இருந்தன.