மோப்பத்துக்குத் தனி விலை

மலேசியாவின் திகாம் பத்துவில் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவரின் பெயரை நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். பெரிய தொப்பை, காதில் ஒரு பென்சில். தொழிற்சாலைகள் கழித்துவிட்ட கருவிகளைக்கூடக் கிலோ கணக்கில்தான் நிறுத்துக் கொடுப்பார்.

வீட்டில் மின்னணுக் கருவிகள் செய்து பார்ப்பது என் பைத்தியம். மின்னழுத்தத்தை மிக நுட்பமாக அளக்கும் மீட்டர் ஒன்று தேவைப்பட்டது. புதிதாக வாங்கினால் ஒரு மோட்டார் சைக்கிள் விலை. அண்ணன் கடையில் துருப்பிடித்த விசிறிகளுக்கு நடுவே அப்படி ஒன்று கிடந்தது. ஆசையை முகத்தில் காட்டாமல் முதலில் ஒரு விசிறிக்கு விலை கேட்டேன். பிறகு மீட்டரைத் தூக்கி, பழக்க தோஷத்தில், அதன் காற்றுத் துளையில் மூக்கை வைத்து முகர்ந்தேன். உள்ளே ஏதாவது கருகியிருந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

“முந்நூறு வெள்ளி,” என்றார் அண்ணன்.

“கிலோ கணக்குதானேண்ணே?”

“இரும்பு வாங்க வர்றவன் மோந்து பாக்க மாட்டான் தம்பி. மோந்துட்டா அது வேற சாமான் லா.”

கேட்ட பணத்தைக் கொடுத்து மீட்டரை வாங்கி வந்தேன். அடுத்த முறை போனபோது, நான் கைவைக்கும் முன்பே அவரே ஒரு கருவியைத் தூக்கி, கண்ணை மூடி முகர்ந்தார். எந்த வாசனையைத் தேடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் சொன்ன விலை, என் சட்டைப்பையில் இருந்த பணத்துக்கு ஒரு வெள்ளிகூடப் பிசகாமல் பொருந்தியது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

அத்தனை துல்லியமான கருவி என் வீட்டில் இன்னும் இல்லை.